ஏதேன் தோட்டத்தில் பலா மரம் இருந்ததா?

1994ஆம் வருஷம் என்று நினைவு. அப்போது எனக்குக் கொல்லிமலையில், செம்மேட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துக் கிராமத்தில் இருந்த சின்னச் சபைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுப்பேன். அன்றைக்கு ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம். சர்ப்பம் வந்தது, ஏவாளிடம் பேச்சுக் கொடுத்தது, அவள் பழத்தைப் பறித்தாள் என்று சொல்லிக்கொண்டே வந்து, "அது என்ன பழம், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். பட்டணத்துப் பிள்ளைகளாக இருந்தால் 'ஆப்பிள்' என்று ஒரே குரலில் கத்தியிருப்பார்கள். இங்கே கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் எழுந்து, "பலாப்பழமுங்க சார்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். "எப்படிடா சொல்றே?" என்று கேட்டேன்.

"அதுதானுங்க சார் தூரத்துலேயே வாசம் வந்து கூப்பிடும். திருட்டுத்தனமாப் பறிச்சா கையில பிசின் ஒட்டிக்கும். கழுவுனாலும் போகாது. எங்கப்பா கையைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாரு."

நானும் சிரித்துவிட்டேன். வேதாகமத்தில் அந்தப் பழத்துக்குப் பெயரே இல்லை. ஆப்பிள் என்பது பிற்காலத்தில் ஓவியர்களும் கதை சொன்னவர்களும் சேர்த்துக்கொண்டது. அதனால் அந்தப் பையன் சொன்னது தவறு என்று சொல்லவும் வழியில்லை. இருபது வருஷம் கழித்து அந்தப் பதிலை நினைத்து எனக்கே தூக்கம் போகும் என்று அன்றைக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லும் கதை அல்ல. ஆனாலும் எழுபதைத் தாண்டியபின் மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது?

என் வேலை மண்ணோடு. வேளாண் பொறியியல் துறையில் மண்வளப் பாதுகாப்புப் பிரிவு. சரிவான நிலத்தில் மட்டம் பார்த்துக் கல் வரப்பு போடுவது, ஓடையில் சின்னத் தடுப்பணை கட்டுவது, மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது. சாமையும் தினையும் விதைத்த சரிவுகளில் ஏறி இறங்கியே என் முழங்கால் தேய்ந்தது. காரவல்லியில் தொடங்கி மேலே வரும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம்.

ஆதாம் என்ற பெயருக்கும் எபிரெய மொழியில் மண்ணைக் குறிக்கும் 'அதாமா' என்ற சொல்லுக்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் போதகர் ஒருமுறை சொன்னார். மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவன், அதனால் அந்தப் பெயர். ஆண்டவர் அவனைத் தோட்டத்தில் வைத்தபோது இரண்டு வேலைகளைக் கொடுத்தார். தோட்டத்தைப் பண்படுத்த வேண்டும், அதைக் காக்க வேண்டும். 'உனக்கே சொந்தம்' என்று பட்டா எழுதிக் கொடுத்ததாக எங்கும் இல்லை. அதைக் கேட்டபோது, அட, நம் துறையின் வேலையும் இதுதானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கொல்லிமலையில் இதே பாடத்தை என்னைவிட முன்பே ஒரு சிறுவன் கற்றிருக்கிறான். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனெரித் தம்பதியர் 1913இல் திருமணம் முடிந்து இந்த மலைக்கு வந்தார்கள். சாலை இல்லாத காலம். மலைக்காய்ச்சல் பயத்தில் கீழ்நாட்டார் ஏறவே தயங்கிய காலம். வாழவந்தியில் வீடு கட்டி, வைத்தியம் பார்த்து, பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1929இல் ஜெஸ்ஸி அந்தக் காய்ச்சலிலேயே இறந்துபோனார். அந்த அம்மா பின்னாளில் மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மலையை விடவில்லை. கிழவியாகித் தடி ஊன்றியபடி மலை மலையாகச் சுற்றி ஊழியம் செய்து, 1974இல் 95ஆம் வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர்கள் மகன்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட். 1914இல் பிறந்தவர். ஒன்பது வயதுவரை இந்த மலைப் பிள்ளைகளோடு ஓடி விளையாடியவர். தம் சிறுவயதைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய ஒரு கட்டுரையில் வரும் சம்பவம் இது. அடுக்கடுக்கான நெல் வயலில் பிள்ளைகள் தவளை பிடிக்கிறார்கள். தண்ணீர் கலங்கி, வரப்பைத் தாண்டிச் சேறாக வழிகிறது. ஒரு தாத்தா வருகிறார். கலங்கிய தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டி, இது வெறும் சேறு இல்லை, நம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது, இங்கேயிருந்து கீழே போன மண் ஒருநாளும் மலை ஏறி வராது என்று சொல்கிறார். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. நானும் இந்தக் கதையை எத்தனையோ விவசாயிகள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். காக்கிறவனாக இருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

2011இல் ஓய்வு பெற்றேன். நாமக்கல்லில் சொந்த வீடு. பென்ஷன் வருகிறது. மகளுக்குத் திருமணம் முடிந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை.

2013 தொடக்கத்தில் ஒருநாள் மலையிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன். நான் கல் வரப்புக்கு மட்டம் பார்த்த காலத்தில் எனக்கு ஸ்டாஃப் பிடித்த பையன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மூத்த பெண்ணுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். மொத்தத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் தேவை. "உங்களை விட்டா எனக்கு யாருங்க சார்?" என்றார்.

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, "நம்மகிட்ட இருக்கு. கொடுத்துடுங்க, அவரால முடியுறப்போ தரட்டும்" என்றாள். கொடுத்திருக்கலாம். ஆனால் தம்பிக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருப்பது எனக்குத் தெரியும். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக்கொடி, அடியில் காபி, ஓரத்தில் அவர் தகப்பனார் வைத்த ஒரு பெரிய பலா. அந்த நிலத்துக்கு வரப்புப் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

"தோட்டத்தை மூணு வருஷத்துக்குப் போக்கியமா எழுதிக் கொடுத்துடு தம்பி. உனக்கும் வட்டி இல்லை, எனக்கும் ஒரு பிடிமானம்" என்றேன்.

போக்கியம் தெரியாதவர்கள் நம் வாசகர்களில் இருக்க மாட்டார்கள். பணத்துக்கு வட்டி கிடையாது. பணம் திரும்பும்வரை விளைச்சல் முழுவதும் பணம் கொடுத்தவருக்கு. காலாகாலமாக நடப்பதுதான், சட்டவிரோதம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஆதியாகமத்துக்கு வருகிறேன். சர்ப்பம் ஏவாளிடம் 'பழத்தைத் தின்னு' என்று முதலில் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டது. தோட்டத்தில் இருக்கும் எந்த மரத்தின் கனியையும் தின்னக் கூடாது என்று கடவுள் சொன்னாராமே, அப்படியா? இதுதான் அந்தக் கேள்வியின் சாரம். கடவுள் சொன்னது அப்படியே தலைகீழ். ஒரே ஒரு மரத்தைத் தவிர மீதி எல்லாம் உங்களுக்கு என்றுதான் சொல்லியிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிஷத்தில் கொடுக்கப்பட்ட ஆயிரம் மரங்கள் கண்ணிலிருந்து மறைந்து, கொடுக்கப்படாத ஒரு மரம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும், அதை வைத்துப் பாடமே எடுத்திருக்கிறேன். எனக்குள் எழுந்த கேள்வி இதுதான்: "வட்டி வாங்காதே என்றுதானே சொல்லியிருக்கிறது? போக்கியம் வட்டி இல்லையே?" சொந்த வீட்டையும் பென்ஷனையும் அப்போது நான் பார்க்கவில்லை. அந்தத் தோட்டம் ஒன்றுதான் தெரிந்தது.

கொல்லிப்பாவையின் கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சங்கப் பாடல்களிலேயே அவள் வருகிறாள். அழகாகச் சிரித்து மயக்கி உயிரை எடுக்கும் பாவை. எட்டுக்கை அம்மன் கோயிலைக் காட்டி மலையில் அந்தக் கதையைச் சொல்வார்கள். மயக்கம் வெளியிலிருந்து ஒரு சிரிப்பாக வருகிறது என்கிறது அந்தக் கதை. என் அனுபவத்தில் வெளியே யாரும் சிரிக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் வந்தது. மீதி வேலை முழுவதையும் நானே எனக்குள் செய்துகொண்டேன்.

ஏவாள் அந்த மரத்தைப் பார்த்தபோது மூன்று காரணங்கள் தோன்றின என்று வேதம் சொல்கிறது. சாப்பிட நல்லது, பார்க்க அழகு, அறிவைத் தரும். எனக்கும் அதே மூன்று. மிளகு விலை ஏறிக்கொண்டிருந்தது. காலைப் பனியில் அந்தத் தோட்டத்தில் நிற்பது கண்ணுக்குச் சுகம். மூன்றாவது, நாமக்கல்லில் நண்பர்களிடம் "மலையில ஒரு தோட்டம் இருக்கு" என்று சொன்னால், "புத்திசாலித்தனமான வேலை செஞ்சீங்க" என்றார்கள். அந்த வார்த்தையும் ஒரு பழம்தான்.

முதல் அறுவடையில், கூலியெல்லாம் போக 41 ஆயிரம் வந்தது. அடுத்த வருஷம் மிளகு கிலோ 600 ரூபாயைத் தாண்டியிருந்தது. 52 ஆயிரம். தம்பி தம் சொந்தத் தோட்டத்தில் எனக்குக் கூலியாளாக மிளகு பறித்தார். அது எனக்கு உறுத்தவில்லை. உறுத்தவில்லை என்பதைத்தான் இப்போது எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

2015 வைகாசி மாதம். தோட்டம் பார்க்கப் போயிருந்தேன். நான் வைத்திருந்த காவலாள் ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். பத்து வயது இருக்கும், தம்பியின் இளைய மகன். ஓரத்துப் பலாவில் முற்றிய காய் ஒன்றை இறக்கிவிட்டானாம். பையன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"கையைக் காட்டு" என்றேன்.

நீட்டினான். இரண்டு கையிலும் பிசின். அதில் மண் ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது.

"யாரைக் கேட்டுப் பறிச்சே?"

"எங்க தாத்தா வச்ச மரமுங்க."

"இப்ப அது உங்க மரம் இல்லை" என்றேன்.

சத்தம் கேட்டுத் தம்பி ஓடிவந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பையன் முதுகில் ஓர் அடி வைத்தார். "தப்புத்தானுங்க சார், மன்னிச்சிருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தக் காயைச் சாக்கில் கட்டி, பஸ் வரைக்கும் அவரே தூக்கிவந்து ஏற்றிவிட்டார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டில் அதை இறக்கியதும் என் மனைவி சந்தோஷமாக அரிவாள்மணையையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்துவைத்தாள். "இன்னும் பழுக்கலையே, ரெண்டு நாள் போகட்டும். தம்பி கொடுத்துவிட்டாரா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஏதோ வேடிக்கைபோலத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, அப்ப இந்தப் பழத்தை யாரு யார்கிட்ட இருந்து பறிச்சது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். "மேல்பலன் எல்லாம் எனக்குன்னு எழுதியிருக்கு பாரு. எழுதினது பத்திர எழுத்தர், கையெழுத்துப் போட்டது அவரு. அதோட, நம்ம காலத்துக்கு அப்புறம் பொண்ணுக்கு நாலு காசு இருக்கணும்னு நீதானே சொல்லிக்கிட்டு இருப்பே?"

"அப்ப நான் கொடுத்துத்தான் தின்னீங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளும் ஞாயிறு பள்ளியில் படித்தவள்தானே. நீர் எனக்குத் தந்த இந்தப் பெண்தான் கொடுத்தாள் என்று ஆதாம் கடவுளிடமே பழியைத் தள்ளிய இடம் அவளுக்கும் தெரியும்.

அந்தக் காய் எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் கிடந்தது. அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை. பலா பழுத்தால் வீடு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாம் நாள் வாசம் அடுக்களை வரை வந்தது. மூன்றாம் நாள் இரவு படுக்கையறைக் கதவைச் சாத்தியும் பயனில்லை. தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, அந்தப் பொடியன் 1994இல் சொன்னது ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் அந்தப் பையன் என் முன்னால் நின்றபோது, எனக்குள் அந்த வேதாகமக் காட்சி ஓடாமல் இல்லை. தின்னக் கூடாத மரம், பறித்த கை, விசாரிக்கும் எஜமான். அதில் நான் கடவுளின் இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அந்த இரவில்தான் தெரிந்தது, அந்தக் கதையில் பறித்தவன் நான். பத்திரம்தான் நான் தைத்துக் கட்டிக்கொண்ட அத்தியிலை. அவமானத்தை அது கொஞ்சம் மறைக்கும், குளிரைத் தாங்காது.

'எங்கே இருக்கிறாய்?' என்று ஆண்டவர் ஆதாமைத் தேடி வந்த இடத்தைச் சின்ன வயதில் போலீஸ் விசாரணை மாதிரித்தான் படித்தேன். ஆதாம் எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்தான் என்று அவருக்கா தெரியாது? அது தகப்பன் கேட்கிற கேள்வி. நீ இருக்க வேண்டிய இடத்தை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டாய், உனக்காவது தெரிகிறதா என்று கேட்பது. ஸ்டாஃப் பிடித்த பையனுக்கு நான் சாராக இருந்த இடத்தையும், பிள்ளைகளுக்குக் கதை சொன்ன இடத்தையும் விட்டு நான் நெடுந்தூரம் போயிருந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ். பழத்தைச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். எல்லோரும் மலையிலிருந்து பலாப்பழம் இறக்கும் காலத்தில் இந்தக் கிழவன் மலைக்குப் பலாப்பழம் ஏற்றுகிறானே என்று பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

தம்பி வீட்டு வாசலில் பத்திரத்தை எடுத்துக் கிழித்தேன். அவர் பதறிவிட்டார். "பேச்சுன்னா பேச்சுதானுங்க சார். இன்னும் ஒரு வருஷம் இருக்குதே" என்றார். திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொன்னேன். கொடுத்தது 1,20,000. வந்தது 93,000. மீதி 27,000. அதை முடிந்தபோது கொடுத்தால் போதும் என்றேன். மொத்தத்தையும் விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் பொய். அடுத்த மாசியில் மிளகு விற்றுத் தம்பி அந்த 27,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன்.

பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். "தம்பி, இது உங்க தாத்தா மரத்துப் பழம். சார்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவன் வெளியே வரவில்லை. அவன் அம்மா பழத்தை அறுத்து, முதல் சுளையை எனக்கே கொடுத்தார். வாங்கித் தின்பதைவிட வேறு வழி எனக்கு இல்லை.

ஊரில் தம்பி என்ன சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது. "சார் கணக்கை முன்னாடியே முடிச்சுக் கொடுத்துட்டாரு, நல்ல மனுசன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் பிள்ளையை நான் அவமானப்படுத்தியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. தோட்டத்தைவிட்டு அனுப்புவதற்கு முன் ஆண்டவர் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோல் உடை செய்து உடுத்தினார் என்று அதே மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. எத்தனையோ முறை படித்தும் அந்த வசனத்தில் நான் நின்றதில்லை. தப்புச் செய்தவனின் அவமானத்தை, தப்பால் வருந்தியவரே மூடிவைப்பது என்றால் என்ன என்று தம்பி எனக்குக் காட்டினார்.

மகள் படிப்பை முடித்து இப்போது சேலத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். வைகாசியோ ஆனியோ, வருஷம் தவறாமல் ஒரு சாக்கு பஸ்ஸில் எங்களுக்கு வந்துசேர்கிறது. என் மனைவி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுக்க உட்காருகிறாள். அந்தப் பையன் மட்டும் வளர்ந்து பெரியவனான பிறகும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. கேட்டதற்கு "ஆமாங்க", "இல்லைங்க" என்று மரியாதையாகப் பதில் சொல்வான், அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை. கீழே போன மண் மலை ஏறி வராது என்று அந்தத் தாத்தா அன்றைக்கே சொல்லியிருக்கிறார். இருக்கிற மண்ணையாவது காத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு பத்திரம் இருந்தால், எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கையெழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.